காவிரிக்கரை வீடுகளும் காரணம் தெரியாத வலியும்



குழந்தை மருத்துவனாகத் தஞ்சைப் பகுதியில் காலம் கழித்தவன் நான். எங்கள் பாடப்புத்தகங்களின் கடைசிப் பக்கங்களில் கிடக்கும் ஒரு பொருளைப் பேச வந்திருக்கிறேன். 12 வயதுக்கும் 18 வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகளுக்கு வரும் வயிற்றுவலி, தலைவலி, மயக்கம், நெஞ்சடைப்பு, கைகால் மரத்துப்போதல் ஆகியவற்றைப் பற்றியது இது. இரத்தம் பார்த்தாயிற்று, ஸ்கேன் எடுத்தாயிற்று, எல்லாம் சரியாக இருக்கிறது. ஆனாலும் பிள்ளைக்கு வலிக்கிறது. இந்த வலியில் வீட்டுக்கு என்ன பங்கு, ஊருக்கு என்ன பங்கு?

முதலில் ஒன்றை உறுதியாகச் சொல்லிவிடுகிறேன். அந்த வலி உண்மையானது. "பள்ளிக்கூடம் போகாமலிருக்கச் சாக்கு சொல்றா" என்று எளிதில் சொல்லிவிடுகிறோம். குடலின் சுவருக்குள் அடர்த்தியான நரம்புப் பின்னல் இருக்கிறது. அது மூளையோடு இடைவிடாத தொடர்பில் இருக்கிறது. பயமும் கவலையும் குடலின் அசைவை மாற்றும், வலியை உணரும் அளவையும் மாற்றும். ஒருமுறை உடைந்த மடையில் அடுத்த முறை கொஞ்சம் தண்ணீர் வந்தாலே புகுந்துவிடுவது போல, வலி பழகிய நரம்புப் பாதையில் சிறு தூண்டுதலும் பெரிய வலியாகிவிடுகிறது. இதில் நடிப்பு எங்கே இருக்கிறது?

இது நம் பிள்ளைகளுக்கு மட்டும் வருவதும் இல்லை. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஜான் ஆப்லி என்ற குழந்தை மருத்துவர், நெய்ஷ் என்பவரோடு சேர்ந்து 1,000 பள்ளிப் பிள்ளைகளை ஆராய்ந்து 1958இல் முடிவை வெளியிட்டார். ஏறத்தாழ பத்தில் ஒரு பிள்ளைக்குத் திரும்பத் திரும்ப வரும் வயிற்றுவலி இருந்தது. மருத்துவமனையில் வைத்து முழுமையாகச் சோதித்த பிள்ளைகளிலும் பெரும்பாலோருக்கு உடலில் நோய் எதுவும் கிடைக்கவில்லை. அவர் கவனித்த இன்னொன்றுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இந்தப் பிள்ளைகளின் பெற்றோருக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் இப்படிப்பட்ட வலிகள் மற்ற குடும்பங்களைவிட அதிகமாக இருந்தன. வலி வீட்டில் பழகிய ஒன்றாக இருந்தது.

இனி நம் ஊருக்கு வருவோம். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றித்தான் சொல்கிறேன். மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி வந்தாள். கூட அம்மா, அப்பாயி. அப்பா வளைகுடா நாட்டில் ஓட்டுநர். அம்மாவின் கையில் ஜவுளிக்கடை மஞ்சள் பை. அதிலிருந்தவற்றை ஒவ்வொன்றாக என் மேசையில் எடுத்து வைத்தார். மூன்று ஊர்களில் எடுத்த ஸ்கேன் அறிக்கைகள், குடல்வால் அறுவை செய்து வீட்டுக்கு அனுப்பிய தாள், பாதி தீர்ந்த மாத்திரை அட்டைகள். அவற்றுக்கு அடியில் வைத்தீஸ்வரன்கோயில் திருச்சாந்துருண்டை மடித்த காகிதம், வேளாங்கண்ணி எண்ணெய்ப் புட்டி, நாகூர் தர்காவில் மந்திரித்த கயிறு. "தொக்கம்கூட எடுத்துப் பாத்தாச்சு டாக்டர். தொண்டையிலேர்ந்து என்னமோ ஒரு துண்டு வந்துச்சு. ரெண்டு நாள் நல்லாருந்தா, அப்புறம் பழைய குருடி கதவத் திறடின்னு ஆயிருச்சு" என்றார் அப்பாயி.

வலி எப்போது வருகிறது என்று கேட்டேன். பெரும்பாலும் வெள்ளிக்கிழமை மாலை. வெள்ளிக்கிழமை என்றதும் அப்பாயிக்கு அது அம்மன் குற்றமாகப் பட்டது. எனக்கு அது வளைகுடாவில் விடுமுறை நாளாகப் பட்டது. அன்றுதான் அப்பா வீடியோவில் பேசுவார். முன்பு பணம் அப்பாயியின் கணக்குக்கு வந்துகொண்டிருந்தது. வீடு கட்ட ஆரம்பித்த பிறகு அம்மாவின் கணக்குக்கு மாறியது. அதிலிருந்து மாமியாரும் மருமகளும் நேருக்கு நேர் பேசுவதில்லை. "அப்பாயிகிட்ட சொல்லு", "உங்கம்மாகிட்ட கேளு" என்று நடுவில் இந்தப் பெண். வெள்ளிக்கிழமை அப்பா அழைத்ததும் இரண்டு பக்கத்துக் குறையும் போனில் ஏறும். அவளுக்கு வயிற்றைப் பிசையும். வலி வந்ததும் என்ன நடக்கும் தெரியுமா? அப்பாயி ஓமம் வறுப்பார், அம்மா சுக்கு தட்டுவார். இருவரும் ஒரே அடுப்படியில் நிற்பார்கள். அப்பா வேறெதையும் கேட்காமல், "உடம்புக்கு என்னம்மா?" என்று அவளிடம் மட்டும் பேசுவார். அவள் இதைத் திட்டம் போட்டுச் செய்யவில்லை. அவளுக்கே இது தெரியாது. ஆனால் அந்த வீட்டில் அமைதியைக் கொண்டுவரும் ஒரே பொருள் அவளுடைய வயிறாக இருந்தது.

அமெரிக்காவின் பிலடெல்பியாவில் சால்வடோர் மினுச்சின் என்ற குடும்ப உளச்சிகிச்சை அறிஞர் இதைச் சோதித்தே காட்டினார். அவரும் தோழர்களும் எழுதி 1978இல் வந்த நூலில் அந்தச் சோதனை இருக்கிறது. நீரிழிவு உள்ள பிள்ளைகளின் பெற்றோரைத் தங்களுக்குள் தீராத சச்சரவு ஒன்றைப் பேச வைத்தார்கள். பிள்ளை ஒருவழிக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தது. மன அழுத்தம் ஏறும்போது கூடும் ஒருவகைக் கொழுப்பு அமிலத்தை மூவரின் இரத்தத்திலும் அளந்தார்கள். பெற்றோர் சண்டையிடும்போது பிள்ளையின் இரத்தத்தில் அது ஏறியது. பிறகு பிள்ளையை உள்ளே அழைத்தார்கள். பெற்றோரின் அளவு இறங்கியது, பிள்ளையின் அளவு இறங்கவில்லை. பெரியவர்களின் பாரம் பிள்ளையின் உடம்பில் இறங்கியதை இதைவிடக் கண்கூடாக எப்படிக் காட்ட முடியும்? அவர் பார்த்த குடும்பங்கள் குறைவு, ஒப்பிட்டுப் பார்க்கப் போதிய சான்று இல்லை என்று பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள். அது நியாயமான குறைதான். ஆனாலும் அவர் காட்டிய வழித்தடம் பொய்யில்லை.

அவரோடு நான் உடன்படாத இடமும் உண்டு. இப்படிப்பட்ட குடும்பங்களில் ஒருவருக்குள் ஒருவர் சிக்கிக் கிடக்கிறார்கள், ஆளுக்கு ஆள் எல்லை இல்லை என்று அதையே நோயின் அடையாளமாக அவர் எழுதினார். அந்த அளவுகோலைத் தஞ்சாவூருக்குக் கொண்டுவந்தால் நம் வீடுகள் எல்லாமே நோயாளி வீடுகள் ஆகிவிடும். பாட்டியோடு படுத்துத் தூங்குவது, சித்தப்பா பள்ளிக் கட்டணம் கட்டுவது, அத்தையிடம் கேட்காமல் பாவாடைகூட வாங்காமலிருப்பது எல்லாம் இங்கே சாதாரண வாழ்க்கை. பிள்ளைகளைத் தாங்கிப் பிடிப்பதும் அதே நெருக்கம்தான். மனவருத்தத்தைச் சொல்ல அந்த நெருக்கத்துக்குள் இடம் இல்லாமல் போவதுதான் கேடு. "அப்பாயி பேசுறது எனக்குப் பிடிக்கல" என்று ஒரு பெண் சொன்னால் அது வாய்த்துடுக்கு. "வயிறு வலிக்குது" என்று சொன்னால் வீடே ஓடிவருகிறது. நூறு தடவை இதைப் பார்த்த உடம்பு எதைக் கற்றுக்கொள்ளும்?

இதற்கு ஆய்வுச் சான்றும் இருக்கிறது. ரகுராம், மிட்செல் வைஸ் முதலிய ஆய்வாளர்கள் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தில் செய்து 1996இல் வெளியிட்ட ஆய்வு அது. மனச்சோர்வை வெளிப்படையாகச் சொன்ன நோயாளிகளிடம் 'பிறர் என்ன நினைப்பார்கள்' என்ற கூச்சம் அதிகமாக இருந்தது. உடல்வலியாகச் சொன்னவர்களிடம் அந்தக் கூச்சம் குறைவு. தலைவலி எல்லோருக்கும் வருவது. மனச்சோர்வு வெளியே தெரிந்தால் கல்யாணம் நின்றுபோகும். பெண் பிள்ளையின் பெயரில் மனநல மருத்துவரின் சீட்டு ஒன்று இருந்தால் வரன் அமையாது என்று தஞ்சையில் அஞ்சாத தாய் உண்டா? யாழ்ப்பாணத்தில் மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் போர்க்காலத்தில் மக்களிடையே நடத்திய ஆய்விலும், அதிகம் பேரிடம் காணப்பட்டது உடல்வலியாக வெளிப்பட்ட மனத்துயரம்தான். குண்டு விழுந்த ஊரிலும் தமிழர்கள் தலையிடியையும் நெஞ்சுநோவையும்தான் மருத்துவரிடம் எடுத்துச் சென்றார்கள்.

டெல்டாவுக்கென்று தனிப்பட்ட கவலைகளும் இருக்கின்றன. மேட்டூர் அணை ஜூன் 12இல் திறந்தால் குறுவை உண்டு, இல்லையென்றால் பலருக்கு இல்லை. 2012 முதல் 2019 வரை ஒரு ஆண்டுகூட அந்தத் தேதியில் அணை திறக்கவில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் வந்து, பிள்ளைபோல் வளர்த்த தென்னைகளை ஒரே இரவில் சாய்த்துவிட்டுப் போனது. அந்த ஆண்டுகளில் வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். நகை கூட்டுறவு வங்கிக்குப் போனதும், வட்டிக்காரர் திண்ணையில் வந்து உட்கார்ந்ததும் அவர்களிடம் யாரும் சொல்லாமலே அவர்களுக்குத் தெரியும். "நம்ம கஷ்டம் புள்ளைக்குத் தெரியக் கூடாது, அது படிக்கட்டும்" என்று பெற்றோர் அன்போடு மறைக்கிறார்கள். படிப்பு ஒன்றுதான் இந்த மண்ணைவிட்டு வெளியேறும் வழி என்று விடுதிப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். அதிகாலை நான்கு மணிக்கு எழுப்பி இரவு பதினொரு மணிவரை படிக்கவைக்கும் இடங்கள் அவை. 'எனக்கு இது முடியவில்லை' என்று சொன்னால் அப்பாவின் கடனுக்கு அர்த்தம் இல்லாமல் போய்விடும். அதனால் அந்தப் பிள்ளை அதைச் சொல்வதில்லை. தலைசுற்றிக் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் விழுகிறது.

ஆண் பிள்ளைகளின் கதை வேறு தடத்தில் போகிறது. அழுவதற்கு அவர்களுக்கு அனுமதி இல்லை. உடல் வளர்ச்சியைப் பற்றி யாரும் பேசுவதும் இல்லை. கைநடுக்கம், படபடப்பு, அசதி என்று வருகிறவனுக்கு 'நரம்புத் தளர்ச்சி' என்று ஒரு பெயரைச் சுவரொட்டிகளும் தொலைக்காட்சியும் தயாராக வைத்திருக்கின்றன. லாட்ஜில் அறை எடுத்து மாதம் ஒருமுறை முகாமிடும் வைத்தியர்கள், தூக்கத்தில் விந்து போவது உயிர்ச்சத்து போவது என்று பயமுறுத்தி லேகியம் விற்கிறார்கள். அது வளர்ச்சியின் இயல்பு, அதனால் எந்தக் கேடும் இல்லை. அப்பாவோ அண்ணனோ அறிவியல் ஆசிரியரோ பத்து நிமிடம் பேசினால் தீரக்கூடிய பயத்துக்காக, பிள்ளைகள் பகுதிநேர வேலைக்குப் போய்ப் பணம் சேர்த்துக் கொடுக்கிறார்கள். இந்த வியாபாரத்தை நினைத்தால் எனக்கு மனம் கொதிக்கிறது.

கோயில் குளங்களைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது. வைத்தீஸ்வரன்கோயிலில் சிவபெருமானே வைத்தியர். வேளாங்கண்ணியில் மாதாவின் பெயரே ஆரோக்கிய மாதா. நாகூர் ஆண்டவரிடம் எல்லா மதத்தாரும் போகிறார்கள். காவிரியின் வடகரையில் குணசீலத்தில், மனநலம் குன்றியவர்கள் 48 நாள் தங்கி வழிபடுகிறார்கள். இவற்றை மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. திண்டுக்கல் மாவட்டத்துக் கோயில் ஒன்றில் தங்கியிருந்த 31 பேரை மேலே சொன்ன ரகுராமும் தோழர்களும் ஆராய்ந்து 2002இல் எழுதினார்கள். மருந்து இல்லாமலே நோயின் கடுமை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. அவர்கள் கடுமையான மனநோய் உள்ளவர்கள், நான் பேசும் பிள்ளைகள் வேறு. ஆனால் அங்கே இருந்த ஒன்று நம் மருத்துவமனைகளில் இல்லை. குடும்பத்தாரும் கூடவே தங்கினார்கள், யாரும் விரட்டவில்லை. இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், தர்காவை அண்டி நடந்த மனநோயாளிகள் காப்பகத்தில் சங்கிலியால் கட்டிவைக்கப்பட்டிருந்தவர்களில் 28 பேர் தீயில் கருகினார்கள். அதை மறந்துவிட்டு யாரும் கோயில் வைத்தியத்தைப் பேசக்கூடாது.

பேயோட்டும் சடங்கு இன்னும் நுட்பமானது. இசபெல் நபோகோவ் என்ற மானிடவியலாளர் கொள்ளிடத்துக்கு வடக்கே, பழைய தென்னாற்காடு மாவட்டத்தில் தங்கி எழுதியவர். அங்கே பேய் பிடித்தவர்களில் பலர் புதுமணப் பெண்கள். பிடித்த பேய் பெரும்பாலும் ஆசை நிறைவேறாமல் செத்துப்போன இளைஞன். கொட்டு முழக்கத்தில் அந்தப் பெண் ஆடுகிறாள், கத்துகிறாள். புகுந்த வீட்டில் வாய் திறக்காதவள் அன்று ஊர் நடுவே பேசுகிறாள். ஊர் கேட்கிறது. ஆனால் கடைசியில் அவள் தலைமயிரில் ஒரு கற்றையை அறுத்து மரத்தில் ஆணியடிக்கிறார்கள். அவள் எந்த வீட்டைப் பொறுக்காமல் ஆடினாளோ அந்த வீட்டுக்கே திருப்பி அனுப்பப்படுகிறாள். அவள் சொன்னதைப் பேய் சொன்னதாகக் கணக்கு வைத்துக்கொள்கிறார்கள். நம் சடங்குகளின் பலமும் குறையும் இதில் ஒருங்கே இருக்கின்றன. பெண்ணைப் பேச வைக்கின்றன, வீட்டை மாற்றுவதில்லை.

வீடு மாற வேண்டும் என்றதும் பெற்றோர்கள் கேட்பதுண்டு: "அப்ப வலிக்குதுன்னு சொன்னா கண்டுக்காம இருக்கணுமா டாக்டர்?" அமெரிக்காவில் லின் வாக்கர் என்ற உளவியல் அறிஞர் 2006இல் வெளியிட்ட சோதனை ஒன்றைச் சொல்கிறேன். 8 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்கு வயிறு நிறையத் தண்ணீர் கொடுத்து உப்பசம் வரச்செய்தார்கள். பெற்றோரில் சிலர் "ரொம்ப வலிக்குதா?" என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். வேறு சிலர் பேச்சை வேறு பக்கம் திருப்ப வேண்டும். வலியையே கேட்டவர்களின் பிள்ளைகள் ஏறத்தாழ இரண்டு மடங்கு முறையிட்டார்கள். பேச்சை மாற்றியவர்களின் பிள்ளைகள் பாதியாகக் குறைத்தார்கள். பேச்சை மாற்றினால் பிள்ளை மனம் நோகும் என்று பெற்றோர் பயந்தார்கள். பிள்ளைகளோ அப்படிப் பேசியது இதமாக இருந்தது என்றார்கள். அன்பைக் குறைக்க வேண்டியதில்லை. வலி இல்லாத நேரத்துக்கு அந்த அன்பை மாற்ற வேண்டும்.

மருத்துவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை தேவை. 'மனசுதான் காரணம்' என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடக் கூடாது. லண்டனில் எலியட் ஸ்லேட்டர், ஹிஸ்டீரியா என்று பெயர் சூட்டப்பட்டவர்களைப் பல ஆண்டுகள் கழித்துத் தேடிப் பார்த்து 1965இல் எழுதினார். கணிசமானோருக்கு உண்மையான உடல்நோய் இருந்தது. 1970களிலிருந்து அத்தகைய பிழை நூற்றுக்கு நான்கு என்ற அளவுக்குக் குறைந்துவிட்டது என்பது பிந்தைய ஆய்வுகளின் முடிவு. குறைந்திருக்கிறதே ஒழிய இல்லாமல் போகவில்லை. தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் இரத்தசோகை இருக்கிறது. அசதி, தலைசுற்றல் என்று வரும் பெண்ணுக்கு முதலில் ஹீமோகுளோபின் பாருங்கள். தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, எடை குறைதல், காய்ச்சல், மலத்தில் இரத்தம் இருந்தால் மேலும் தேடத்தான் வேண்டும். இன்னொன்று, வலியைச் சொல்லும் வாய்ப்புகூட எல்லாப் பிள்ளைக்கும் ஒன்றுபோல் இல்லை. நடவுக்குப் போகும் கூலிக்காரத் தாயின் மகளுக்கு வயிறு வலித்தால் ஒரு நாள் கூலி போகிறது. அவள் வலியைச் சொல்லாமலே பள்ளியை விட்டுவிடுகிறாள். அவள் என் மேசைக்கு வருவதே இல்லை.

செய்யவேண்டியது என்ன? தேவையான சோதனையை ஒருமுறை, ஒழுங்காக, ஒரே இடத்தில் செய்யுங்கள். பிறகு நிறுத்துங்கள். ஒவ்வொரு ஸ்கேனும் பிள்ளையின் பயத்தைக் கூட்டுகிறது. 'ஒன்றுமில்லை' என்று அனுப்பாதீர்கள், வலி எப்படி வருகிறது என்று படம் வரைந்து விளக்குங்கள். பிள்ளையைத் தனியாகவும் குடும்பத்தைச் சேர்த்தும் பாருங்கள். வலி எந்த நாள், எந்த நேரம், அப்போது வீட்டில் என்ன நடந்தது என்று நோட்டில் எழுதிவரச் சொல்லுங்கள். நோயாளியைப் பற்றி எழுதிவைப்பது தஞ்சைக்குப் புதிதில்லை. இரண்டாம் சரபோஜி மன்னர் காலத்தில் கண் சிகிச்சை பெற்றவர்களின் விவரங்கள் படங்களோடு எழுதப்பட்டு, சரசுவதி மகால் நூலகத்தில் இன்றும் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, வலி இருந்தாலும் பிள்ளை பள்ளிக்குப் போகட்டும். வலி போனபின் பள்ளி என்றால் இரண்டுமே நடக்காது.

அந்த மன்னார்குடிப் பெண்ணுக்கு நான் மருந்து அதிகம் எழுதவில்லை. அப்பாவோடு போனில் பேசினேன். பணத்தைப் பிரித்து இரண்டு கணக்குக்கும் அனுப்புவதாகச் சொன்னார். மகளோடு வேறொரு நாளில் தனியாக, உடம்பைப் பற்றிக் கேட்காமல் பேச ஒத்துக்கொண்டார். இனிமேல் அவள் வழியாகச் செய்தி அனுப்புவதில்லை என்று மாமியாரும் மருமகளும் ஒப்புக்கொள்ளக் கொஞ்சம் நாள் பிடித்தது. அந்தப் பள்ளியாண்டு முடிவதற்குள் வலி வெகுவாகக் குறைந்தது. முற்றிலும் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். தேர்வுக் காலத்தில் எட்டிப்பார்க்கும். ஆனால் அவள் பள்ளியை விடவில்லை.

இங்கே ஆசிரியர்கள் நிறையப் பேர் அமர்ந்திருக்கிறீர்கள். அடிக்கடி மயங்கி விழும் பிள்ளையை, வாரந்தோறும் வயிற்றுவலி என்று விடுப்புக் கடிதம் கொண்டுவரும் பிள்ளையை, வகுப்பு முன்னால் கேலி செய்யாதீர்கள். தனியே அழைத்து, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று மட்டும் கேளுங்கள். பெற்றோரை வரவழைத்தால் அம்மாவை மட்டும் அழைக்காமல், அந்த வீட்டில் முடிவெடுப்பவர் யாரோ அவரையும் வரச் சொல்லுங்கள். மேலே என்ன செய்வது என்று தெரியவில்லை என்றால் 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட 'டெலி மானஸ்' சேவை இருக்கிறது. எண் 14416. இரவு பகல் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. நாளைக் காலையிலேயே அந்த எண்ணை உங்கள் வகுப்பறைச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.